கப்பலேறிப் படித்தவர் பத்திரிகை தொடங்கியது ஏன்?

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் இன்று லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மெல்பர்னுக்கும் மேற்படிப்புக்குப் போகிறார்கள். மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கின்றன. பிள்ளை கிளம்பும்போது தெருவே கூடி வழியனுப்புகிறது. திரும்பி வந்ததும் என்ன படித்தாய், எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான்.

அவற்றோடு இன்னொரு கேள்வியையும் நாம் கேட்டுப் பழக வேண்டும். நீ போன நாட்டில் ஒடுக்கப்பட்டவர்கள் யார்? அவர்கள் எந்தப் பத்திரிகை படிக்கிறார்கள்? அதை நடத்துவது யார்? பணம் எங்கிருந்து வருகிறது? ஊர் ஊராக அது எப்படிப் போய்ச் சேருகிறது?

இந்தக் கேள்விகளுக்கு நம்மிடம் ஒரு முன்னோடி இருக்கிறார். உதவித்தொகையில் கடல் கடந்து படித்துவிட்டு 1917இல் ஊர் திரும்பிய ஒரு மாணவர், இரண்டரை ஆண்டுகளுக்குள் பத்திரிகை தொடங்கினார். அவர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். சட்டமேதை என்றும் அரசியலமைப்பைத் தந்தவர் என்றும் அவரை அறிந்திருக்கிறோம். 1920 முதல் 1956 வரை ஐந்து இதழ்களைத் தொடங்கிய பத்திரிகையாளர் அம்பேத்கரை நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்லித் தரவில்லை.

நியூயார்க்கில் மூன்று ஆண்டுகள்

1913 ஜூலையில் நியூயார்க்கில் இறங்கியபோது அம்பேத்கருக்கு வயது 22. தந்தை ராம்ஜி சக்பால் அதே ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்தார். படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பணத்தில் வயிற்றைக் கட்டி, பழைய புத்தகக் கடைகளில் புத்தகங்களாக வாங்கிச் சேர்த்தார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9 அன்று மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அங்கே யாரும் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. தனிக் குவளை வைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே மனதிலிருந்து மறைந்துபோனதாக அவர் பின்னாளில் எழுதினார்.

அவருக்கு மறந்துபோன இழிவு அந்த நாட்டின் கறுப்பின மக்களை வேறு வடிவத்தில் வாட்டிக்கொண்டிருந்தது. தென் மாநிலங்களில் ரயிலில் தனிப் பெட்டி, பள்ளியில் தனிக் கட்டடம். சின்னக் குற்றச்சாட்டுக்கும் கும்பல் கூடி மரத்தில் தூக்கிலிடும் கொடுமை. வடக்கே ஓடிவந்தவர்கள் குடியேறிய ஹார்லெம் பகுதி, அம்பேத்கர் படித்த பல்கலைக்கழகத்துக்கு அடுத்தே இருந்தது.

அதே நகரில்தான் கறுப்பின மக்களின் பத்திரிகைகளும் அச்சாகிக்கொண்டிருந்தன. 'நியூயார்க் ஏஜ்' பழைய ஏடு. 'ஆம்ஸ்டர்டாம் நியூஸ்' 1909இல் தொடங்கியது. 'தி கிரைசிஸ்' என்ற மாத இதழ் 1910 நவம்பரில் 1,000 பிரதிகளோடு வெளிவந்தது. அதன் ஆசிரியர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் உருவான தேசியச் சங்கத்தின் இதழ் அது. பத்தே ஆண்டுகளுக்குள் அதன் விற்பனை ஒரு லட்சத்தைத் தொட்டது. 1915இல் கறுப்பின மக்களைக் கொடியவர்களாகவும் அவர்களைக் கொன்ற வெள்ளையர் கும்பலை வீரர்களாகவும் காட்டிய ஒரு திரைப்படம் வெளியானபோது, அதற்கு எதிரான போராட்டத்தைச் சங்கமும் பத்திரிகைகளும் சேர்ந்து நடத்தின.

அம்பேத்கரின் ஆசிரியர்கள் இருவருக்கும் இந்த இயக்கங்களோடு உறவு இருந்தது. அந்தத் தேசியச் சங்கம் தோன்றக் காரணமான 1909ஆம் ஆண்டு அழைப்பில் கையெழுத்திட்டவர்களில் ஜான் டூயி ஒருவர். நகரத்துக்கு வந்து சேர்ந்த கறுப்பின மக்களுக்காகப் பணியாற்றிய அர்பன் லீக் அமைப்புக்குத் தொடக்க ஆண்டுகளில் தலைமை ஏற்றவர் பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன். ஜனநாயகம் ஓட்டுப் போடுவதோடு முடிவதில்லை, ஒருவர் அனுபவம் மற்றவருக்குப் போய்ச் சேர்வதும் அதில் அடங்கும் என்பது டூயியின் பாடம். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்கிறார். ஒரு தெருவில் நடப்பது அடுத்த தெருவுக்கே தெரியாத நாட்டில், அனுபவத்தைச் சுமந்து செல்லப் பத்திரிகை வேண்டும். சாதி வகுத்த சுவர்களைத் தாண்டிச் செய்தி போனால்தான் சமூகம் என்ற சொல்லுக்கே பொருள் வரும்.

நமக்காக நாமே பேசுவோம்

கறுப்பினப் பத்திரிகைகளின் வரலாறு 1827 மார்ச் 16இல் தொடங்குகிறது. அன்றுதான் சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் என்ற இருவர் நியூயார்க்கில் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' இதழை வெளியிட்டார்கள். நெடுங்காலமாக மற்றவர்களே நமக்காகப் பேசிவந்தார்கள், இனி நம் வழக்கை நாமே எடுத்துச் சொல்வோம் என்பது முதல் இதழின் அறிவிப்பு. இரண்டே ஆண்டுகளில் இதழ் நின்றது. அறிவிப்பு நிற்கவில்லை.

அடுத்து வந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி ஓடியவர். 1845இல் தன் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். எழுதியதால் பழைய எசமானர் ஆளனுப்பிப் பிடிப்பார் என்ற நிலை வந்தது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேறினார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஊர் ஊராகப் பேசினார். அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டி அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். அவர் சொந்தமாகப் பத்திரிகை நடத்தவும் நிதி சேர்த்துக் கொடுத்தார்கள்.

1847இல் திரும்பி வந்ததும் ஒரு சிக்கல். அடிமை முறையை எதிர்த்த வெள்ளை நண்பர்களே அவரைத் தடுத்தார்கள். நல்ல பத்திரிகைகள் ஏற்கெனவே இருக்கின்றன, நீங்கள் மேடையில் பேசினால் போதும் என்றார்கள். டக்ளஸ் அந்த ஊரை விட்டு ராச்செஸ்டர் நகருக்குப் போய், டிசம்பரில் 'நார்த் ஸ்டார்' இதழைத் தொடங்கினார். நமக்கும் இந்த அறிவுரை பழக்கமானதுதான். உங்கள் செய்தியை நாங்களே போடுகிறோமே, தனியாக எதற்கு என்று அன்போடு கேட்பவர்கள் இங்கேயும் உண்டு.

மூன்றாவது பெயர் ஐடா பி. வெல்ஸ். பெண். ஆசிரியை. மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற இதழின் பங்குதாரர். 1892 மார்ச்சில் அந்த நகரில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பின இளைஞர்களைக் கும்பல் கொன்றது. அவர்களில் ஒருவர் ஐடாவின் நெருங்கிய நண்பர். வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வியாபாரம் செய்ததுதான் பகைக்கு வேர். இந்த நகரம் நம் உயிரைக் காக்காது, வெளியேறுங்கள் என்று அவருடைய இதழ் எழுதியது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். மே மாதம் ஐடா வெளியூர் போயிருந்தபோது பத்திரிகை அலுவலகத்தைக் கும்பல் அடித்து நொறுக்கியது. திரும்பி வந்தால் கொலை என்று மிரட்டல். 'நியூயார்க் ஏஜ்' அவருக்கு இடம் கொடுத்தது.

1893இலும் 1894இலும் ஐடா பிரிட்டனுக்குப் பயணம் போனார். தேவாலயங்களிலும் மன்றங்களிலும் பேசினார். சிகாகோ நாளேடு ஒன்றுக்கு அங்கிருந்து தொடர் கடிதங்கள் எழுதினார். சொந்த நாட்டில் அவரைக் கண்டுகொள்ளாத வெள்ளையர் பத்திரிகைகள், பிரிட்டிஷ் பத்திரிகைகள் கேள்வி கேட்டதும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது அவருடைய எழுத்து முறையை. 1895இல் வெளியிட்ட 'ரெட் ரெக்கார்ட்' என்ற சிறுநூலில் கும்பல் கொலைகளைப் பெயர், ஊர், தேதி, சொல்லப்பட்ட குற்றச்சாட்டு என்று வரிசையாகப் பட்டியலிட்டார். புள்ளிவிவரங்களை 'சிகாகோ ட்ரிப்யூன்' என்ற வெள்ளையர் நாளேட்டிலிருந்தே எடுத்தார். மிகைப்படுத்துகிறாய் என்று யாரும் சொல்ல முடியவில்லை. ஐடாவின் மறைவுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 2020இல் புலிட்சர் சிறப்பு விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

மூட்டை சுமந்த ரயில் ஊழியர்கள்

எழுதிவிட்டால் போதுமா? போய்ச் சேர வேண்டுமே. 1905இல் ராபர்ட் அபாட் என்பவர் சிகாகோவில் 'டிஃபெண்டர்' இதழைத் தொடங்கினார். கையில் 25 சென்ட், முதல் அச்சு 300 பிரதிகள். வீட்டுக்காரப் பெண்மணியின் சமையலறைதான் அலுவலகம்.

அந்த இதழின் வாசகர்களில் பெரும்பகுதியினர் சிகாகோவுக்கு வெளியே, தென் மாநிலங்களில் இருந்தார்கள். அங்கே அதை வெளிப்படையாக விற்க முடியாத ஊர்கள் பல. தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் பணிவிடை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அவர்கள் கட்டுக் கட்டாக இதழை ஏற்றிக்கொண்டுபோய்த் தெற்கில் இறக்கினார்கள். முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். ஒரு பிரதி பல வீடுகளுக்குக் கை மாறியது. வடக்கே எங்கே வேலை இருக்கிறது, எந்த ரயில் எப்போது என்றெல்லாம் இதழ் எழுதியது. தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு லட்சக்கணக்கானோர் வடக்கு நோக்கிப் போன பெரும் இடப்பெயர்வுக்கு அந்த இதழும் ஒரு காரணம்.

டீக்கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பெஞ்சில் இருக்கும் பத்துப் பேர் கேட்பது நம் ஊரில் நேற்று வரை நடந்த காட்சி. பத்திரிகை பிழைக்க எழுத்து மட்டும் போதாது. சுமப்பவர், படித்துக் காட்டுபவர், காசு கொடுப்பவர் ஆகிய மூவரும் வேண்டும்.

பரோடாவிலிருந்து மூக்நாயக் வரை

1916இல் அம்பேத்கர் லண்டன் போனார். சட்டமும் பொருளாதாரமும் படிக்கச் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்பினார். தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள், உலகப் போரில் அந்தக் கப்பல் தாக்கப்பட்டதால் கடலோடு போயின.

பரோடாவில் வேலையில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைக் கம்போடு வந்த கூட்டம் வெளியேற்றியது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியரே கோப்பைத் தொலைவிலிருந்து வீசினார். வெளிநாட்டில் மறந்துபோனது அனைத்தும் சில நாட்களில் திரும்பி வந்தது. பம்பாய்க்குத் திரும்பினார். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1919இல் வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார்.

1920 ஜனவரி 31. 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழின் முதல் வெளியீடு. பேச இயலாதவர்களின் தலைவன் என்று பொருள். மாதம் இருமுறை இதழ். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அரசுக் கல்லூரியில் பணிபுரிந்ததால் அம்பேத்கரின் பெயர் ஆசிரியராக இடம்பெறவில்லை. பாண்டுரங் பட்கர் ஆசிரியரானார்.

இதழ் வரப்போகிறது என்று ஒரு விளம்பரம் வெளியிடக் கேட்டபோது, திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. கட்டணம் தருகிறோம் என்றும் மறுத்தது. சுயராஜ்யம் பிறப்புரிமை என்ற முழக்கத்தோடு அறியப்பட்டவரின் ஏடு அது. முதல் இதழின் தலையங்கத்தில் அம்பேத்கர் இந்துச் சமூகத்தைப் பல மாடிக் கோபுரத்தோடு ஒப்பிட்டார். அந்தக் கோபுரத்துக்குப் படிக்கட்டும் இல்லை, வாசலும் இல்லை. எந்த மாடியில் பிறந்தானோ அங்கேயே சாக வேண்டும்.

அந்த ஆண்டே அவர் விட்டுப்போன படிப்பை முடிக்க மீண்டும் லண்டன் போனார். இதழ் தடுமாறி 1923இல் நின்றது. ஒருவரை மட்டும் நம்பிய இதழ் அவர் இல்லாதபோது நிற்கும் என்பது அன்றைய பாடம்.

இரண்டாவது இதழுக்குக் காரணம் மகாத். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரின் தலைமையில் மக்கள் திரண்டு போய் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, திரும்பிக்கொண்டிருந்தவர்களைத் தாக்கினார்கள். குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். நடந்ததை நம் பக்கத்திலிருந்து சொல்ல ஏடு வேண்டும். சரியாக இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று 'பகிஷ்கிருத் பாரத்' வெளிவந்தது. இம்முறை ஆசிரியர் அம்பேத்கரே. பெரும்பகுதியை அவரே எழுதினார். 1928இல் 'சமதா', 1930இல் 'ஜனதா', 1956இல் 'பிரபுத்த பாரத்'. ஒன்று நின்றால் இன்னொன்று. 'ஜனதா' கால் நூற்றாண்டு ஓடியது.

நம் மண்ணில் அதற்கும் முன்பே

பத்திரிகை என்ற எண்ணமே வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'மூக்நாயக்' வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1869இல் தமிழில் 'சூரியோதயம்' வந்தது. 1885இல் ஜான் ரத்தினத்தின் 'திராவிட பாண்டியன்' வந்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையே பெயரானது. அடுத்த ஆண்டிலிருந்து 'தமிழன்'. அவரும் கடல் கடந்தவர்தான். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பினார். கோலார் தங்கவயல் தொழிலாளரும், பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன தமிழரும் அவர் இதழைப் படித்தார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு, 1920களில் 'தமிழ'னுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது கோலார் தங்கவயல்.

ஐடா வெல்ஸ் முதன்முறை பிரிட்டனுக்குப் போன அதே 1893இல், அக்டோபர் மாதம், ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பாக அச்சிட்டார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் ஆதிக்க சாதியாரே அதிகாரிகளாக வந்து அமர்வார்கள் என்று எதிர்த்து, 3,412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது அவர் தலைமையில்தான். 1900இல் அவர் கடல் கடந்தார். இதழ் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் திரும்பினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். இரண்டு பத்திரிகையாளர்கள் ஒரு மேசையில் அமர்ந்த வரலாறு அது.

ஆக, நமக்கு எழுதத் தெரியாமல் இல்லை. தொடர்ந்து நடத்தப் பணமும் ஆளும் இல்லாமல் போனதே குறை. வெளிநாட்டில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தத் தொடர்ச்சியை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைத்தான்.

ஒரு கடிதமும் ஒரு கேள்வியும்

1946இல் கறுப்பின மக்கள் தங்கள் குறைகளை ஐக்கிய நாடுகள் அவைக்கு மனுவாகக் கொடுத்த செய்தி இந்தியா வந்தது. அம்பேத்கர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் பிரச்சினையைப் பயில்பவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். டு பாய்சின் எழுத்துகளைத் தொடர்ந்து படித்துவருவதாகச் சொன்னார். இரு மக்களின் நிலையும் அவ்வளவு ஒத்திருப்பதால் அந்தப் படிப்பு அவசியமானது என்றார். அந்த மனுவின் பிரதிகள் வேண்டும், நாங்களும் அதைப் பின்பற்ற எண்ணுகிறோம் என்று கேட்டார். ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதினார். அம்பேத்கரின் பெயரை அறிந்திருப்பதாகவும் இந்தியாவின் தீண்டப்படாத மக்கள் மீது தமக்குப் பரிவு உண்டென்றும் சொன்னார். நியூயார்க்கை விட்டு வந்து 30 ஆண்டுகள் கழிந்தும் மாணவர் தம் பாடத்தை விடவில்லை.

ஐம்பது ஆண்டு கழித்து எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேட்டின் டெல்லிச் செய்தியாளர் கென்னத் கூப்பர், தாமே கறுப்பினத்தவர். ஒரு செய்திக்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாரையாவது தெரியுமா என்று பி.என். உனியால் என்ற இந்தியப் பத்திரிகையாளரிடம் கேட்டார். உனியால் தேடினார். பல ஆண்டுப் பத்திரிகை வாழ்வில் தனக்கு ஒருவரைக்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலைப் புரட்டினார். 454 பேரின் பெயரிலேயே சாதிப் பட்டம் இருந்தது. மற்றவர்களில் 47 பேரைத் தொடர்புகொண்டு விசாரித்தார். ஒருவர்கூடத் தலித் இல்லை. 1996 நவம்பர் 16 அன்று 'பயனியர்' நாளிதழில் அதை எழுதினார்.

2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வு, ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்ட செய்தி எந்தப் பக்கத்தில் எத்தனை வரி வரும் என்று முடிவு செய்யும் நாற்காலிகள் அவை.

போகிறவர்களும் இருப்பவர்களும்

வெளிநாடு போகும் தம்பி, தங்கைகளுக்குச் சில யோசனைகள். நியூயார்க் போனால் ஹார்லெமில் 135ஆம் தெருவில் உள்ள ஷாம்பர்க் ஆய்வு மையத்துக்குப் போங்கள். கறுப்பின மக்களின் ஏடுகளையும் ஆவணங்களையும் அங்கே பாதுகாக்கிறார்கள். லண்டன் போனால் கிங் ஹென்றிஸ் சாலை 10ஆம் எண் வீட்டைப் பாருங்கள். மாணவராக அம்பேத்கர் தங்கிய அந்த வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவகமாக்கியது. ஆஸ்திரேலியா போனால் 'கூரி மெயில்' வாங்கிப் படியுங்கள். லிஸ்மோர் என்ற சிறிய ஊரிலிருந்து 1991 முதல் வரும் பழங்குடி மக்களின் இதழ் அது. அதன் உரிமை ஐந்து பழங்குடி அமைப்புகளிடம் இருக்கிறது. ஒரு தனி முதலாளி இல்லாமல் ஏடு எப்படி ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், சேர்ந்து 'கபர் லஹரியா' இதழைத் தங்கள் வட்டார மொழியில் தொடங்கினார்கள். பின்னாளில் கைபேசியைக் கையில் எடுத்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் போட்டிவரை போனது. அவர்கள் யாரும் கப்பலேறவில்லை. பக்கத்து ஊர்க் குழாயில் தண்ணீர் வராததைத் தேதி போட்டு எழுதியவர்கள்.

ஐடா வெல்ஸ் செய்ததை நம் ஊரிலும் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சம்பவம் நடந்த தேதி, இடம், புகார் கொடுத்த நாள், முதல் தகவல் அறிக்கையின் எண், எந்தப் பிரிவுகள், இழப்பீடு எவ்வளவு, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடியதா, என்ன பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அரசுத் தாளில் வந்த எண்ணை யாரும் மிகை என்று தள்ளிவிட முடியாது.

பாதிக்கப்பட்ட பெண்கள், சிறுவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள். கைபேசியில் வந்ததை எல்லாம் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். ஒரு பொய்ச் செய்தி, அதற்கு முன் நாம் சொன்ன நூறு உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

விடுதியில் ஒரு சுவரொட்டி இதழ், தெருவில் ஒரு வாசகர் வட்டம், ஆண்டுக்கு ஒருமுறை சந்தா என்று தொடங்கலாம். சந்தா பத்து ரூபாயாக இருந்தாலும் நம் பணமாக இருக்க வேண்டும். அம்பேத்கரின் முதல் ஏட்டுக்கு மன்னர் பணம் கொடுத்தார், மூன்றாண்டில் நின்றது. 'டிஃபெண்டர்' 25 சென்டில் தொடங்கி வாசகரின் காசில் வளர்ந்தது.

இந்த ஆண்டு வெளிநாடு போகும் மாணவர்கள் அங்கே பார்த்த ஒடுக்கப்பட்டோர் பத்திரிகை ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். யார் எழுதுகிறார்கள், யார் சுமக்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை இருக்கட்டும். ஊரில் இருப்பவர்கள் தங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அனுப்புங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நாம் வெளியிடுவோம்.